நீர் இறங்கினால் யானை இறங்கும்

கொள்ளேகாலிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகும் பேருந்து, ஹனூர் தாண்டி, மலையேறத் தொடங்குவதற்கு முன் கௌதள்ளியில் நிற்கும். 1956 வரை இந்த வட்டாரம் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பிறகு மைசூர் மாவட்டத்துக்குப் போனது. 1997 முதல் சாமராஜநகர் மாவட்டம். மாவட்டத்தின் பெயர் எத்தனை முறை மாறினாலும், ராகி கதிர் பிடிக்கும் மாதங்களில் இங்குள்ள உழவர்கள் பரணில் கண்விழித்துக் கிடப்பது மாறவில்லை. வெளியூர்க்காரர்கள் பணம் கட்டிப் பார்க்க விரும்பும் யானை, இங்கே இரவில் அழைக்காமலே வரும்.

ஏன் வருகிறது, எப்போது வருகிறது என்பதை 1980களின் தொடக்கத்தில் இதே மலைத்தொடரில் சுற்றி ஆராய்ந்தவர் ராமன் சுகுமார். பிலிகிரிரங்கன் மலை, சத்தியமங்கலம், சாமராஜநகர்க் காடுகளில் யானைகளின் பின்னால் அலைந்து அவர் கண்டதைச் சுருக்கமாகச் சொல்லலாம். முதல் மழைக்குப் பின் புல் தளிர்க்கும்போது யானை புல்லைத் தேடிப் போகிறது. கோடையில் புல் முற்றி வைக்கோலாகி, அதிலுள்ள புரதம் குறைந்ததும் இலைக்கும் பட்டைக்கும் மாறுகிறது. நீர்நிலைகளை ஒட்டி நடமாடுகிறது. ராகி விளையும் காலத்தில் வயலுக்கு வருகிறது, ஏனென்றால் காட்டுப் புல்லைவிடப் பயிரில் புரதமும் கால்சியமும் சோடியமும் அதிகம். ஆக, யானை எங்கே இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் இந்த மாதம் நல்ல தீனி எங்கே கிடைக்கும் என்றுதான் கேட்க வேண்டும்.

மார்ச் முதல் மே வரை இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை, கௌதள்ளியிலிருந்து அரை நாள் பயணத்தில், மைசூருக்குத் தென்மேற்கே இருக்கிறது. கபினி அணையின் பின்நீர்ப் பரப்பு. வடக்கே நாகரஹொளே, தெற்கே பந்திப்பூர். இரண்டு புலிகள் காப்பகங்களுக்கும் நடுவே தண்ணீர். கோடையில் இந்தக் கரைகளில் கூடும் யானைகளின் எண்ணிக்கை, ஆசிய யானைகள் பருவந்தோறும் ஒன்றுசேரும் இடங்களிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று. அதைப் பார்க்கத்தான் படகில் ஏறுகிறார்கள். ஆனால் அங்கே உண்மையில் என்ன நடக்கிறது என்பது படகில் ஏறும் பலருக்கும் சொல்லப்படுவதில்லை. வழிகாட்டிகள் விலங்கைக் காட்டுகிறார்கள், தண்ணீரைக் காட்டுவதில்லை.

கபினி ஆறு கேரளத்தின் வயநாட்டில் பிறக்கிறது. பனமரம் ஆறும் மானந்தவாடி ஆறும் கூடி உருவாகிக் கிழக்கே ஓடி, திருமகூடலு நரசிப்பூரில் காவிரியோடு சேர்கிறது. 1974இல் கட்டி முடிக்கப்பட்ட அணையின் முழுக் கொள்ளளவு 19.52 டி.எம்.சி.; முழு நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து 2,284 அடி. தென்மேற்குப் பருவமழை வயநாட்டில் வலுத்தால் ஜூலை, ஆகஸ்டிலேயே நிரம்பிவிடும் சிறிய அணை இது. நிரம்பியபின் வருவதெல்லாம் மேட்டூருக்குத்தான். மழை ஓய்ந்தபின் பாசனத்துக்கும் குடிநீருக்கும் தண்ணீர் எடுக்க எடுக்க மட்டம் இறங்கும். ஏப்ரலில் நீர் பழைய ஆற்றுத்தடத்தை நோக்கிச் சுருங்கிக் கிடக்கும்.

இறங்கும் இந்த நீர்தான் நம் கதையின் முக்கியப் பாத்திரம். பின்நீர்ப் பகுதியின் தரை சரிவு குறைந்தது. சுவர்போல் செங்குத்தான கரையில் நீர் ஓரடி இறங்கினால் வெளிப்படும் நிலம் ஓரடிதான். மெல்லச் சரியும் கரையில் அதே ஓரடிக்குப் பல மீட்டர் அகலத்துக்கு நிலம் வெளியே வரும். அப்படி வெளிவரும் மண், மாதக்கணக்கில் நீருக்குள் ஊறியது, வண்டல் படிந்தது, மரநிழல் இல்லாதது. ஈரம், சத்து, வெயில் மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்தால் புல்லுக்கு வேறென்ன வேண்டும்? நீர் பின்வாங்கும் வேகத்திலேயே பச்சைப் பட்டை ஒன்று அதன் பின்னால் நகர்கிறது. டிசம்பரில் ஓரிடத்தில் இருந்த தளிர், ஏப்ரலில் இன்னும் கீழே, நீரின் விளிம்பில் இருக்கும். மேய்ச்சலும் உதவுகிறது. மானும் காட்டுமாடும் யானையும் கடித்துக்கொண்டே இருப்பதால் புல் முற்ற நேரமில்லை. கடித்த இடத்தில் மீண்டும் இளந்தளிர். முற்றிய புல்லில் நாரும் மரச்சத்தும் ஏறிப் புரதம் இறங்குகிறது. தளிரில் இதற்கு நேர்மாறு.

அதே நாளில் கரைக்கு அப்பால் காட்டுக்குள் நடந்தால் நிலைமை வேறு. தேக்கு இலையுதிர்த்து நிற்கும். ஆளுயரப் புல் காய்ந்து சலசலக்கும். குட்டைகள் வறண்டிருக்கும். புல் இருந்திருக்க வேண்டிய பல இடங்களில் உண்ணிச்செடி புதராக மண்டியிருக்கும். யானைக்கு அசைபோடும் இரைப்பை கிடையாது. குடலின் பிற்பகுதியில்தான் நார் நொதிக்கிறது. தின்பதில் பாதிக்கும் குறைவாகவே செரிக்கும். அதனால்தான் நாளொன்றுக்குச் சுமார் 150 கிலோ பசுந்தீனி தேடி நாளின் பெரும்பகுதியை வாயசைப்பிலேயே கழிக்கிறது. கன்றுக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு, காட்டுக்குள் வைக்கோலைத் தின்பதா, கரையில் தளிரைத் தின்பதா என்ற கேள்வியே எழாது. படகிலிருந்து பார்த்தால் யானை புல்லைக் கொத்தாகப் பிடுங்கி, காலால் உதைத்து, முன்காலில் தட்டி மண்ணை உதறிவிட்டு வாயில் போடுவது தெரியும். மண்ணோடு தின்றால் பல் தேயும். கடைசிக் கடைவாய்ப்பல் தேய்ந்துபோனால் கிழ யானைக்கு வாழ்வு முடிந்தது.

இந்த நிலத்துக்கு ஒரு பழைய கணக்கும் உண்டு. அணைக்கு முன்பு இங்கே காகனகோட்டைக் காடு இருந்தது. மைசூர் அரசில் யானைகளைக் கூட்டமாக வளைத்துப் பிடிக்கும் கெட்டா முறையை 1870களில் தொடங்கி வைத்தவர் ஜி. பி. சாண்டர்சன், சாமராஜநகர்ப் பக்கத்தில். பின்னர் காகனகோட்டை அதற்குப் பெயர்போன களமானது. யானைக் கூட்டத்தை விரட்டிக் கபினி ஆற்றில் இறக்கி, மறுகரையிலுள்ள அடைப்புக்குள் தள்ளுவார்கள். மன்னரின் விருந்தினர்களாக வந்த வைஸ்ராய்களும் இளவரசர்களும் பரண்களில் அமர்ந்து அதைப் பார்த்தார்கள். கடைசி கெட்டா 1971இல் நடந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அந்தக் களத்தையே அணைநீர் மூடிவிட்டது. ஹாலிவுட் வரை போன சாபு பிறந்ததும் இங்குள்ள காராபுரத்தில்தான், யானைப்பாகனின் மகன், 1937இல் வந்த ‘எலிஃபன்ட் பாய்’ படத்தின் நாயகன். யானைகள் நீரில் இறங்குவதைப் பார்க்கப் பெரிய மனிதர்கள் வந்த அதே ஆற்றில், இன்று கட்டணம் கட்டிய எவரும் பார்க்கலாம். பிடிப்பதும் அடைப்பதும் இல்லை என்பது பெரிய வித்தியாசம். காட்டையும் யானையையும் நன்கறிந்த ஜேனு குறும்பர், பெட்ட குறும்பர் மக்கள் இந்த மாற்றத்தில் என்ன பெற்றார்கள், எதை இழந்தார்கள் என்பது தனிக் கட்டுரைக்குரிய வழக்கு.

கரையில் நாற்பது யானை நிற்கிறது என்றால், அதை ஒரு மந்தை என்று நினைப்பது இயல்பு. பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயராய்வு மையத்தின் டி.என்.சி. வித்யாவும் அவருடைய மாணவர்களும் 2009 முதல் நடத்திவரும் கபினி யானை ஆய்வு, அந்தக் காட்சியைப் பிரித்துப் படிக்கக் கற்றுத்தருகிறது. காதுமடலின் கிழிசல், மடிப்பு, வால்முடி, முதுகின் வளைவு, தந்தம் இவற்றை வைத்து ஒவ்வொரு யானையையும் தனித்தனியாக அடையாளம் கண்டு, யார் யாரோடு எத்தனை முறை தென்படுகிறார் என்று ஆண்டுக்கணக்கில் பதிவு செய்கிறார்கள். பெண் யானைகள் குலங்களாக வாழ்கின்றன. ஆனால் ஒரு குலத்தின் உறுப்பினர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் சேர்ந்திருப்பது அரிது. இரண்டு மூன்று பெண்களும் கன்றுகளுமாகச் சிறு குழுக்களாகப் பிரிகிறார்கள்; மாலையில் வேறொரு குழுவோடு சேர்கிறார்கள்; மறுநாள் மீண்டும் பிரிகிறார்கள். கூட்டம் கலைவதும் சேர்வதுமாக இருந்தாலும் குலத்தின் எல்லை அப்படியே இருக்கிறது.

சுவையான செய்தி இனிமேல்தான். யானை என்றால் ஒற்றுமைக்கு இலக்கணம் என்று பள்ளிப் பாடத்திலிருந்தே கேட்டு வளர்ந்திருக்கிறோம். கபினிக் கரையில் குலங்கள் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கின்றன. பின்நீர்ப் புல்வெளியில் காட்டுக்குள் இருப்பதைவிடப் புல் மிக அதிகம். அதுவும் ஒரே இடத்தில் குவிந்து கிடக்கிறது. சிதறிக் கிடக்கும் உணவுக்கு யாரும் சண்டை போடுவதில்லை. அடுத்த இடத்துக்கு நகர்ந்தால் போதும். குவிந்து கிடக்கும் வளத்தை ஒருவர் கைப்பற்றி வைத்துக்கொள்ள முடியும், ஆகவே சண்டைக்கும் அர்த்தம் உண்டு. அணை உருவாக்கிய செழிப்பு, யானைகளின் சமூக வாழ்வையே கொஞ்சம் மாற்றியிருக்கிறது என்றுதான் இதைப் படிக்க வேண்டும். படகிலிருக்கும்போது ஒரு குழு கரையில் மேய்கிறது, இன்னொன்று மரவரிசையை விட்டு வெளியே வருகிறது என்றால், கேமராவை இறக்கிவிட்டுக் கவனியுங்கள். காது விரிகிறதா, யார் யாரை நோக்கி நடக்கிறார், யார் மேய்வதை நிறுத்திவிட்டு விலகுகிறார். பெரும்பாலும் பிளிறல் இருக்காது. ஒரு குழு பேசாமல் நூறடி தள்ளிப்போகும். அதுதான் தோல்வி.

இதையெல்லாம் ஜீப்பில் போய்ப் பார்க்க முடியாதா? முடியும், ஆனால் துண்டு துண்டாகத்தான். காட்டுப்பாதையில் கண்ணுக்கு எட்டும் தூரம் சில பத்து மீட்டர். படகில் கரை முழுவதும் திறந்து கிடக்கும். இதைவிட முக்கியமான காரணம் அச்சம். தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் வட்டாரத்தில் லியானா ஸனெட் குழுவினர் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வில், நீர்க்குட்டைகளுக்கு வந்த விலங்குகளுக்குச் சிங்கத்தின் ஒலியையும் மனிதர்கள் சாதாரணமாகப் பேசும் குரலையும் மாற்றி மாற்றி ஒலிபரப்பினார்கள். ஏறக்குறைய 95 விழுக்காடு இனங்கள் சிங்கத்தைவிட மனிதக் குரலுக்கே அதிகம் ஓடின அல்லது விரைவாக இடத்தைக் காலி செய்தன. நிலத்தில் இரண்டு காலில் நிற்கும் உருவம் என்றால் ஆபத்து என்பதை விலங்குகள் தலைமுறைகளாகக் கற்றிருக்கின்றன. நீரில் மெல்ல நகரும் பெரிய பொருளுக்கு அந்த உருவம் இல்லை. அது துரத்தியதும் இல்லை. அதனால் பொறுத்துக்கொள்கின்றன. படகில் எழுந்து நின்று கத்தினால் இந்தச் சலுகை அந்த நொடியே ரத்தாகும்.

யானைக்குக் கண்பார்வை சுமார்தான்; நிறங்களிலும் நம்மைப்போல் மூன்றை அல்ல, இரண்டு அலைவரிசைகளையே பிரித்தறிகிறது. மூக்கு விஷயத்தில் அதற்கு நிகர் இல்லை. ஆப்பிரிக்க யானையின் மரபணுத் தொகுதியில் மணமறியும் ஏற்பிகளுக்கான மரபணுக்கள் ஏறக்குறைய 2,000 இருப்பதை 2014இல் கணக்கிட்டார்கள். நாய்க்கு இருப்பதைப்போல் இருமடங்குக்கும் மேல். ஆகவே படகோட்டி முதலில் பார்க்க வேண்டியது காற்றின் திசையை. வெயில் ஏற ஏற நிலம் நீரைவிட வேகமாகச் சூடாகிறது. சூடான காற்று மேலே போக, அகன்ற நீர்ப்பரப்பிலிருந்து கரை நோக்கிக் காற்று நகரும். அப்போது படகிலிருப்பவர்களின் வாசனைத் திரவியம், பிஸ்கட், வியர்வை எல்லாம் நேரே யானையின் துதிக்கைக்குப் போகும். துதிக்கையைக் கேள்விக்குறிபோல் உயர்த்திப் படகின் பக்கம் நீட்டினால், உங்களைப் பற்றிய விசாரணை நடக்கிறது என்று அறிக.

ஒலியும் அப்படித்தான். கோடை மாலையில் நீரை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலுள்ள காற்று சூடாகவும் இருந்தால், மேலே போகும் ஒலி கீழ்நோக்கி வளைகிறது. நடுவில் ஒலியைக் குடிக்கப் புதரோ மரமோ இல்லை. படகில் கிசுகிசுப்பதாக நாம் நினைப்பது கரையில் தெளிவாகக் கேட்கும். யானைகள் பேசுவதோ நமக்குக் கேட்காது. கேட்டி பெய்ன் 1984இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் விலங்குக் காட்சியகத்தில் ஆசிய யானைகளின் அருகில் நின்றபோது காற்றில் ஒரு அதிர்வை உணர்ந்தார். பதிவு செய்து ஆராய்ந்தபோது அவை மனிதச் செவிக்கு எட்டாத தாழ்ந்த சுருதியில் பேசிக்கொள்வது தெரியவந்தது. கரையில் மேயும் குழு திடீரென ஒருசேரத் திரும்பி நடக்கத் தொடங்கினால் நமக்கு வியப்பாக இருக்கும். அவற்றுக்குள் பேச்சு முடிந்திருக்கும்.

சில நாட்களில் யானைகள் பந்திப்பூர்க் கரையிலிருந்து நாகரஹொளேக் கரைக்கு நீந்திப் போகும். தலையின் உச்சியும் துதிக்கையின் நுனியும் மட்டும் நீர்மேல் தெரியும். இதில் பொதிந்துள்ள உடலியலைக் கேட்டால் மருத்துவர்களும் புருவம் உயர்த்துவார்கள். உடல் இரண்டு மீட்டர் ஆழத்தில் இருக்க, மேற்பரப்புக் காற்றைக் குழாய்வழி இழுப்பது மனிதருக்கு ஆபத்து. உடலைச் சுற்றியுள்ள நீரழுத்தம் இரத்தத்தையும் அழுத்துகிறது. நுரையீரலுக்குள் இருப்பதோ மேற்பரப்புக் காற்றின் அழுத்தம். அந்த வேறுபாட்டில் நுரையீரலைப் போர்த்திய மெல்லிய சவ்வின் இரத்தக்குழாய்கள் வெடிக்கும். பிற பாலூட்டிகளில் நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் நடுவே வழுக்கும் இடைவெளி உண்டு. யானைக்கு அந்த இடைவெளி இல்லை. அடர்ந்த இணைப்புத் திசு நிரம்பியிருக்கிறது. ஜான் வெஸ்ட் என்ற உடலியலாளர் இதை, துதிக்கையால் மூச்சுவிட்டுக்கொண்டு நீரில் நடக்கும் வாழ்க்கைக்கான தகவமைப்பு என்று விளக்கினார். அந்த நேரத்தில் படகு குறுக்கே போகக் கூடாது. நடுவழியில் திரும்ப நேர்ந்தால் முதலில் களைப்பது கன்றுதான்.

நீரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பட்டமரங்களைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். அணை நிரம்பியபோது மூழ்கிய காடு அது. மரத்தை மட்கவைக்கும் பூஞ்சைகளுக்கு உயிர்வளி வேண்டும்; நீருக்கடியில் அது குறைவு. எப்போதும் மூழ்கியிருக்கும் பகுதி அதனால் நின்றுபிடிக்கிறது. நனைந்தும் காய்ந்தும் மாறும் பகுதிதான் முதலில் இற்றுப்போகிறது. இந்த மரங்கள் பறவைகளுக்குக் கிடைத்த ஆசனங்கள். குளிர்காலத்தில் வலசை வரும் விராலடிப்பான் அங்கே உட்கார்ந்து மீனைக் கிழிக்கும். பாம்புத்தாரா இறகு விரித்து உலர்த்தும். அதன் இறகு நீரை ஒட்டவிடும் வகை, மூழ்கி வேட்டையாட அதுவே வசதி. ஆற்று ஆலாவுக்கோ மரம் வேண்டாம். நீர் இறங்கி வெளிப்படும் வெறும் திட்டுகளில் முட்டையிடும். சிவமொக்கா பக்கத்துப் பத்ரா அணையில் கோடைதோறும் இப்படி வெளிவரும் தீவுகளில் ஆலாக்கள் கூட்டமாகக் கூடு வைப்பதைப் படகில் போய்ப் பார்க்கிறார்கள். குஞ்சு பறக்குமுன் நீர்மட்டம் ஏறினால் அந்த ஆண்டுக் கணக்கு அதோடு முடிந்தது. இங்கும் பஞ்சாங்கத்தை எழுதுவது நீர்தான்.

கபினிக் காடு இலையுதிர் காடு, மழைக்காடு அல்ல. உண்மையான மழைக்காட்டு ஏரியில் படகு என்றால் நமக்குத் தேக்கடிதான். பென்னிகுவிக் கட்டி 1895இல் முடித்த முல்லைப் பெரியாறு அணையின் நீர்ப்பரப்பு அது. அதைச் சுற்றி 1934இல் திருவிதாங்கூர் மன்னர் வேட்டைவிலங்குக் காப்பகம் அறிவித்தார். 1978இல் புலிகள் காப்பகமானது. மழைக்காடு என்றால் விலங்கு நிறைந்து வழியும் என்ற எண்ணம் தவறு. அங்கே இலையும் பழமும் முப்பது மீட்டர் உயரத்தில். தரையில் வெளிச்சமே விழாததால் புல் முளைப்பதில்லை. மேயும் பெரிய விலங்குகள் குறைவு, இருப்பவையும் கண்ணில் படாது. காட்டின் நடுவே ஒரு ஏரி வந்து, அதன் மட்டம் ஏறி இறங்கினால், வெயில் படும் விளிம்பு ஒன்று உருவாகிறது. காடு மறைத்து வைத்ததை விளிம்பு காட்டிக்கொடுக்கிறது. தேக்கடியில் காட்டுமாடும் மிளாவும் தெரிவது அந்த விளிம்பில்தான். செந்நாய்க் கூட்டம் மிளாவைத் துரத்தி நீருக்குள் இறக்குவதும் அங்கேதான்.

தேக்கடியைச் சொல்லும்போது 2009 செப்டம்பர் 30ஐச் சொல்லாமல் போக முடியாது. அன்று மாலை ‘ஜலகன்யகா’ என்ற ஈரடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்குகளைக் கண்டு பயணிகள் ஒரே பக்கம் நகர்ந்தார்கள் என்பது அன்றைய செய்தி. படகின் வடிவமே நிலையற்றது என்ற கேள்வியும் விசாரணையில் எழுந்தது. இரண்டும் ஒரே இயற்பியலின் இரு முனைகள். படகின் எடை முழுவதும் ஒரு புள்ளியில் கீழ்நோக்கி அழுத்துகிறது. நீர் மேல்நோக்கித் தாங்குவது வேறொரு புள்ளியில். படகு சாயும்போது மூழ்கும் பக்கம் நீரை அதிகம் ஒதுக்குவதால் தாங்கும் புள்ளி அந்தப் பக்கம் நகர்ந்து படகை நிமிர்த்துகிறது. ஆனால் மேல்தளத்தில் ஆட்கள் கூடக் கூட எடைப்புள்ளி உயர்கிறது; நிமிர்த்தும் விசை குறைகிறது. எல்லோரும் ஒரு பக்கம் போனால் எடைப்புள்ளியே அந்தப் பக்கம் நகர்ந்து, தாங்கும் புள்ளியைத் தாண்டிவிடும். அதற்குப் பிறகு நீர் நிமிர்த்துவதில்லை, கவிழ்க்கிறது. உட்காருங்கள், உயிர்க்கவசம் போடுங்கள் என்று படகோட்டி அதட்டினால் அது முரட்டுத்தனம் அல்ல.

நீர் இறங்காவிட்டால் என்ன ஆகும்? இலங்கையின் மின்னேரியா இதற்குப் பதில் சொல்கிறது. மூன்றாம் நூற்றாண்டில் மகாசேன மன்னன் கட்டிய அந்தக் குளத்தின் படுகையில், ஆகஸ்ட், செப்டம்பரில் நீர் வற்றிப் புல் தளிர்க்கும்போது நூற்றுக்கணக்கான யானைகள் கூடும் காட்சி உலகப் புகழ்பெற்றது. மொரகஹகந்த நீர்த்தேக்கம் 2018இல் செயலுக்கு வந்தபின், வறட்சி மாதங்களிலும் மின்னேரியாவுக்கு நீர் வரத் தொடங்கியது. உழவருக்கு அது நல்ல செய்தி. மட்டம் உயர்ந்து புல்வெளி மூழ்கியிருந்த ஆண்டுகளில் யானைக்கூட்டம் மெலிந்தது. உணவு தேடி அவை வேறு பக்கம் சிதறின. எதிர்த்திசையில் ஒரு சான்று ஆப்பிரிக்காவில் இருக்கிறது. சாம்பேசி ஆற்றில் 1958இல் மூடப்பட்ட கரீபா அணையின் கரையில், நீர் ஏறி இறங்கும் பட்டையில் படர்புல் ஒன்று பரவியது. ஜிம்பாப்வேயின் மாதுசடோனா பூங்காவில் எருமைகளும் யானைகளும் வறட்சியைத் தாண்டுவதற்கு அதுவே துணையானது. ஒரே விதி, மூன்று நாடுகள். அணை நிரம்பியிருப்பதால் அல்ல, நிரம்பி வடிவதால் விலங்கு கூடுகிறது.

இந்த வடிதலுக்கும் மனிதர் போட்ட கணக்குகள் உண்டு. காவிரி வழக்கில் 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்குப் பிலிகுண்டுலுவில் 177.25 டி.எம்.சி. என்று வரையறுத்தது, எந்த மாதம் எவ்வளவு என்பதற்கும் அட்டவணை உண்டு. கர்நாடகத்தின் கால்வாய்க்கும் மைசூரின் குழாய்க்கும் தனிக் கணக்கு. முல்லைப் பெரியாறில் 2014இல் 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்பு வந்தபோதும் விவாதம் அணையின் பலத்தைச் சுற்றியே ஓடியது. கரையோரப் புல்லை இந்தக் கணக்குகளில் முன்வைத்துப் பேசுவோர் குறைவு. பேச வேண்டும் என்பது என் கருத்து. உழவரின் பங்கைக் குறைக்கச் சொல்லவில்லை. ஏப்ரலில் திடீரென ஒரு வாரத்தில் மட்டத்தை ஏற்றாமல், சீராக இறக்கினாலே போதும். அதற்குத் தனியாக ஒரு சொட்டு நீரும் செலவாகாது.

கபினிக்குப் போக நினைப்பவர்களுக்குச் சில சொற்கள். யானைக்கூட்டம் வேண்டுமானால் மார்ச் முதல் மே வரை, முதல் கனமழைக்கு முன் போங்கள். மழை விழுந்ததும் காட்டுக்குள் புல் தளிர்க்கும், யானைகள் கரையை மறந்துவிடும். பறவைக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்லது. படகு ஓடுகிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். காப்பக விதிகள் மாறிக்கொண்டிருக்கும். புறப்படும் முன் அணையின் அன்றைய நீர்மட்டத்தைப் பார்த்து, 2,284 அடிக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்று கணக்கிடுங்கள். எவ்வளவு கீழோ அவ்வளவு நல்லது. படகில் இன்னும் பக்கத்தில் போகச் சொல்லிப் படகோட்டியை நச்சரிக்காதீர்கள்; அதிகம் கொடுத்தால் போவார் என்று தெரிந்தாலும் கொடுக்காதீர்கள். யானை மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கிவிட்டால் நீங்கள் ஏற்கெனவே அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள்.